நாற்பத்து மூன்று மிட்டாய்

மிஷ்கோல்ட்ஸ் நகரில்
இரண்டாம் எண் ட்ராம் ஓட்டுகிறவன் நான்.
பிரேக்கை எங்கே பிடிப்பதென்று
கைக்குத் தெரியும்.
சர்க்கரைப்பாகை எப்போது இறக்குவதென்று
என்னில் எதற்கும் தெரியவில்லை.

முதல் சட்டி கருகியது.
ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்து
அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
"அம்மா வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கு"
என்றாள் பொரோகா, ஒன்பது வயது,
குற்றம் சொல்லும் குரலில் அல்ல,
வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில்.

இரண்டாம் சட்டிக்கு மூவரும் காவல்.
ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால்
கரையக் கூடாது, கல்லாகவும் கூடாது,
உருட்டினால் உருள வேண்டும்.
ஸாலான் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டுக்கொண்டு
"இப்போ நூல்", "இப்போ மீன்" என்று
அறிவித்தபடி இருந்தான்.
ஆறாவது சொட்டில்: "இப்போ முத்து."
ஐந்து வயது சொன்னதைக் கேட்டு
அடுப்பை அணைத்தேன்.

உடனே கிளறினோம், கை மாற்றிக் கை மாற்றி.
தெளிந்த பாகு கலங்கிக் கனத்து
ஒரு நொடியில் வெள்ளையாயிற்று.
பாதிக்கு வால்நட் பொடி, பாதிக்குக் கோகோ.
கரண்டியை நக்கும் உரிமைக்கு
ஒரு சிறிய வழக்கு நடந்தது.
தீர்ப்பு: ஆளுக்கொரு பக்கம்.

மெல்லிய வெள்ளைத் தாளின் இரு ஓரமும்
குஞ்சம் கத்தரித்தாள் பொரோகா,
நாக்கைக் கடித்துக்கொண்டு, இழை பிசகாமல்.
ஸாலானின் குஞ்சம் பூனை கடித்தது.
நடுவில் மிட்டாய், மேலே சிவப்பு ஜிகினா,
முனைகளை முறுக்கி
பொத்தான் தைக்கும் நூலில் முடிச்சு.
எண்ணினோம்: நாற்பத்து மூன்று.
நாற்பத்தைந்து இருந்திருக்க வேண்டும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இருபது, டப்பாவில், அம்மாவின் மரத்துக்கு.
இருபத்து மூன்று இங்கே.
என் மரம் மரமில்லை,
வாளி மணலில் நட்ட பைன் கிளை;
சந்தையில் மரம் விற்றவர்
அடியில் கழித்ததைச் சும்மா கொடுத்தார்.
சட்டம் ஒன்றுதான்:
இருபத்தாறாம் தேதி அவர்கள் திரும்பி வரும்வரை
கண்ணால் மட்டும்.

திங்கள் இரவு
கடைசி ட்ராமைப் பணிமனையில் விட்டு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஒன்றை அவிழ்த்தேன், தாள் கிழியாமல்.
எங்கள் நாட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும்
கைவந்த திருட்டு இது:
உள்ளிருப்பதைத் தின்றுவிட்டுத்
தாளை ஊதிப் பழையபடி தொங்கவிடுவது.

உள்ளே வால்நட் ஓடு.
அடுத்ததில் பொம்மைக் காரின் டயர்.
அடுத்ததில் வேகாத மக்ரோனி இரண்டு,
ஒழுங்காய், பக்கத்தில் பக்கத்தில்;
அது பொரோகாவின் வேலை.
பதினொன்றைத் திறந்தேன்,
பதினொன்றையும் மறுபடி முறுக்கினேன்.
பன்னிரண்டாவது, மிட்டாய்.
பல்லில் மணலாய் நெறுநெறுத்தது.
தின்று முடித்த பிறகுதான்
அந்த இடத்தில் என்ன வைப்பதென்ற யோசனை.
கோட்டுப் பையில் பழைய டிக்கெட் ஒன்று.
எட்டாய் மடித்து வைத்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி, நள்ளிரவுக்குச் சற்று முன்,
எமோகெ கூப்பிட்டாள்.
பிள்ளைகள் தூங்கிய பின்
மரத்தை ஜோடிக்கிற நேரம்.
மார்ச்சிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம்
பள்ளிச் சாப்பாட்டுப் பணம், பல் டாக்டர்,
ஸாலானின் பூட்ஸ் அளவு.

"ஒன்றைத் திறந்தேன்," என்றாள்,
"சும்மா பார்க்கத்தான். உள்ளே ஒரு பொத்தான்."
"நீலமா? நான்கு துளையா?"
"ஆமாம்."
"ஒரு வாரமாய்த் தேடுகிறேன்."

பிறகு இருவரும் பேசவில்லை.
வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.
அந்தப் பக்கம் ஏதோ மெல்லும் சத்தம்.
"கோகோவா, வால்நட்டா?" என்று கேட்டேன்.
"கோகோ," என்றாள் வாய் நிறைய,
"பாகைக் கொஞ்சம் ஆறவிட்டுக்
கிளறியிருக்கலாம் நீ."